கயிறும் தூக்குக் குண்டும்

அம்பாசிடர் காரின் முன்கண்ணாடி உடைவதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன்னால் போகிற லாரியின் பின்சக்கரத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறிக்கும். சத்தம்கூடப் பெரிதாக இருக்காது. அடுத்த நொடி கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். எதிரே ரோடு இருக்கிறதா, ஆள் வருகிறாரா, ஒன்றும் தெரியாது. அது டஃபன்டு கண்ணாடி. உடைந்தால் கூர்முனை இல்லாத சிறு துண்டுகளாக உதிர வேண்டும் என்பதற்காகவே சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துச் செய்தது. முகத்தைக் கிழிக்காது, பார்வையை மொத்தமாகப் பறித்துவிடும். அந்த நேரத்தில் டிரைவர் பிரேக்கை நிதானமாக மிதித்துக்கொண்டே, தோள் துண்டைக் கையில் சுற்றி, கண்ணுக்கு நேராகக் குத்தி ஓர் ஓட்டை போட வேண்டும். அப்பா அப்படிக் குத்தியதை முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

1980களில் அப்பா விழுப்புரத்தில் டாக்ஸி ஓட்டினார். ஜி.எஸ்.டி. ரோடு அப்போது போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்ற அளவுக்குத்தான் அகலம். நடுவில் கோடு இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். அவற்றின் அடிமரத்தில் நெடுஞ்சாலைத் துறை கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து வைத்திருக்கும். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் பட்டைகள்தான் ரோட்டின் ஓரம் எது என்று சொல்லும். மேல்மருவத்தூர் தாண்டி ஒரு வளைவில் மரம் ஒன்று விழுந்துபோனபோது, அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொண்டார்கள்.

உடைந்த கண்ணாடியை மாற்றியது ஒரு பாய். வேப்பமரத்தடியில் ஒரு ஷெட், அவ்வளவுதான் பட்டறை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கி, வைக்கோல் சுற்றி பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்த கண்ணாடி. புது ரப்பர் பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் சணல் கயிற்றை ஒரு சுற்று ஓடவிட்டு, இரண்டு முனையையும் உள்பக்கம் தொங்கவிடுவார். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைப்பார்கள். வெளியே நின்று ஒரு பையன் உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்த, உள்ளே உட்கார்ந்து பாய் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்விக்கொள்ளும். கயிறு முழுதும் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

அப்பாவுக்கு அதோடு முடிந்துவிடாது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கிற கரண்ட் கம்பத்தைப் பார்ப்பார். தலையை மட்டும் இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்துவார். கண்ணாடியின் ஊடே கம்பம் ஓர் இடத்திலாவது நெளிந்தால் “பாய், இது வேணாம்” என்று இறங்கிவிடுவார். கண்ணாடி எங்கோ சீரில்லாமல் இருக்கிறது, அதன் வழியாகப் பார்த்தால் எதிரே வருகிற வண்டியின் தூரம் தப்பும் என்பது அவர் கணக்கு. பாயும் கோபித்துக்கொள்ள மாட்டார். கண்ணாடி விற்கிறவர், ஓட்டுகிறவர் இருவருக்கும் அந்தச் சோதனையில் உடன்பாடு இருந்தது.

அந்த உடன்பாடு இன்று இல்லை. சொல்ல வந்தது அதைத்தான்.

இப்போது வீட்டில் இருக்கிற காரின் முன்கண்ணாடியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால், ஒரு கேமரா இருக்கிறது. கோடு தாண்டினால் எச்சரிக்கும். முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மோதப் போகிறோம் என்று கணக்கிட்டால் நாம் மிதிக்காமலேயே பிரேக் போடும். அடாஸ் என்று எல்லோரும் சொல்கிற ஏற்பாடு. இந்தியாவில் 2020க்குப் பிறகுதான் இது நடுத்தர வர்க்கத்தின் பேச்சுக்குள் வந்தது. 2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700 அதைப் பரவலாக்கிய வண்டிகளில் ஒன்று. அந்த வண்டி உருவான மஹிந்திரா ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், அப்பா புளியமரங்களைப் பார்த்து ஓட்டிய அதே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

கண்ணாடியும் மாறிவிட்டது. 1903இல் எதுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டும் சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே தொடங்கியதுதான் லேமினேட்டட் கண்ணாடி: இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளும் முன்கண்ணாடி இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்கின்றன. இன்று யாரும் கையில் துண்டு சுற்றிக் குத்த வேண்டியதில்லை. கல் பட்டால் பட்ட இடத்தில் மட்டும் கீறல். வெயிலில் நின்ற வண்டியில் ஏசி போட்டால் அந்தக் கீறல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். எங்கள் கண்ணாடியில் திண்டிவனம் பைபாஸில் பட்ட கல் அப்படித்தான் நீண்டது. சிறிய புள்ளியாக இருந்தால் பசை ஏற்றிச் சரிசெய்யலாம். கேமராவின் பார்வைக்குள் அது இருந்தால் அந்த வேலையும் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடிக் கடையில் வேலை சுத்தமாக நடந்தது. பழைய கண்ணாடியைப் பிடித்திருந்த பாலியுரித்தேன் பசையை மெல்லிய எஃகுக் கம்பியால் அறுத்தார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், மாறி மாறி இழுத்தார்கள். புதுப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுக நேரம் வேண்டும் என்று வண்டியை நகர்த்தவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். அதுவும் சரிதான். இன்றைய காரில் முன்கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு இல்லை. கூரையின் பலத்தில் அதற்குப் பங்கு உண்டு. பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது சாய்ந்துகொள்வதும் அதன் மேல்தான். பழைய கண்ணாடியோடு போன ஃபாஸ்டேக்குக்குப் பதில் புதியது வாங்க வேண்டும் என்பதையும் அவர்களே ஞாபகப்படுத்தினார்கள்.

கடைக்காரர் சாவியைக் கொடுத்தபோது, “கேமரா கேலிப்ரேஷன்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் வேணாம் சார். கம்பெனி கிளாஸ்தான் போட்டிருக்கோம். கேமராவை அப்படியே கழட்டி அப்படியே மாட்டியாச்சு. பாருங்க, டேஷ்போர்டுல வார்னிங் லைட்டே வரல.”

அவர் ஏமாற்றவில்லை, நம்பித்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கவலை அதிகமானது.

விளக்கு எரியவில்லை என்பதற்கு, கேமரா வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள். சரியான திசையைப் பார்க்கிறது என்று பொருள் இல்லை. சில கார்கள் கண்ணாடி மாறியதைக் கண்டுகொண்டு, கேலிப்ரேஷன் செய்து அளவு வைக்கும்வரை அந்த வசதிகளை நிறுத்திவிடும். சில கார்கள் ஒன்றும் சொல்லாமல் ஓடும். கேமராவைத் தாங்கும் பிராக்கெட் கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்டது. புதுக் கண்ணாடியில் அது ஒரு மயிரிழை சாய்ந்து ஒட்டியிருக்கலாம். பசை ஒரு பக்கம் தடித்துக் கண்ணாடியே சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கேமரா பக்கவாட்டில் ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் அது பார்க்கிற இடம் 1.75 மீட்டர் தள்ளிப் போய்விடும். நம் நெடுஞ்சாலையின் ஒரு தடம் 3.5 மீட்டர். அதாவது பாதித் தடம். பக்கத்துத் தடத்தில் ஒழுங்காகப் போகிற லாரி நம் முன்னால் போவதாக அதற்குத் தோன்றலாம். நம் முன்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள் ஓரமாக நிற்பதாகத் தோன்றலாம்.

மேல் கீழாகத் திரும்பியிருந்தால் இன்னும் மோசம். ஒற்றைக் கேமரா தூரத்தை அளக்கிற வழிகளில் ஒன்று, முன்னால் இருக்கிற வண்டியின் டயர் ரோட்டைத் தொடுகிற இடம் தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்ப்பது. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தள்ளி இருக்கிற வண்டி ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கீழே தெரியும். அரை டிகிரி பிசகினால் அதே வண்டி 75 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கு வரும். மறுபக்கம் பிசகினால் 37 மீட்டர். கேமரா இந்த ஒரு வழியை மட்டும் நம்பி இல்லை, சிறு பிசகைத் தானே திருத்திக்கொள்கிற மென்பொருளும் இருக்கிறது, முன்பம்பரில் ரேடார் உள்ள கார்களில் அதுவும் கைகொடுக்கும். ஆனாலும் திருத்திக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கேலிப்ரேஷன்.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், அப்பாவின் ஸ்டாண்டில் இருந்த ஒருவர் கல்யாண சவாரி முடித்து, இரண்டு ராத்திரி தூங்காமல் திரும்பி வரும்போது, விளக்கில்லாமல் ரோட்டில் நின்ற கரும்பு டிராக்டரின் பின்னால் மோதி இறந்துபோனார். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். ஒரு பீப் சத்தம் அன்று அவருக்குக் கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கேமரா இருட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அதை நம்பித் தூங்குகிறவன் முட்டாள். ஆனால் மனிதன் அசருகிற அந்த இரண்டு நொடிக்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நொடியில் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்குமானால், இல்லாமலே இருந்திருக்கலாம். இல்லை என்று தெரிந்தால் நாம் கவனமாக ஓட்டுவோம்.

ஆகவே கேலிப்ரேஷன் செய்கிற ஓர் இடத்தைத் தேடி நேரம் வாங்கினேன். அப்பாவும் வருகிறேன் என்றார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கார் பட்டறை என்றால் இன்னும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பட்டறை என்று சொல்ல முடியாத இடம் அது. மட்டம் பார்த்துப் போட்ட தரை. சுவரில் ஒரு படம், ஒரு காலண்டர்கூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் தரையில் விழாதபடி திரை. கேமரா தேடுகிற கறுப்பு வெள்ளை வடிவத்தைத் தவிர வேறு எதுவும் அதன் கண்ணில் பட்டுக் குழப்பக் கூடாது என்று அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி சொன்னார். பாலிடெக்னிக் முடித்தவர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதலில் நான்கு டயரிலும் காற்று பார்த்தார். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு டிக்கியைத் திறந்தார்.

“சார், அரிசி மூட்டை இருக்கே. இறக்கிடலாமா? பின்னாடி வெயிட் இருந்தா வண்டி மூக்கைத் தூக்கிக்கும். அந்த நிலையில அளவு வெச்சா, நாளைக்கு மூட்டையை இறக்கினதும் கேமரா தரையைப் பார்க்கும்.”

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்து அந்தத் தம்பி ஒரு பெட்டியிலிருந்து தூக்குக் குண்டை எடுத்தார். கொத்தனார்கள் சுவர் பிடிக்க வைத்திருக்கிற அதே குண்டு, அதே நூல். காரின் முன்பக்கச் சின்னத்தின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, குண்டு ஆட்டம் நின்றதும் தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்தார். பின்பக்கமும் அப்படியே. இரண்டு குறிகளையும் சேர்த்து ஒரு நூல் பிடித்து, அதை முன்னால் நீட்டிக்கொண்டு போனார். வேறு சில இடங்களில் இதற்கு லேசர் வைத்திருக்கிறார்கள். நூலும் தப்பாது.

“தம்பி, வண்டி பாடிக்கு நடு பாக்குறீங்களா, இல்ல வண்டி போற திசைக்கு நடு பாக்குறீங்களா?” என்றார் அப்பா.

அவர் நிமிர்ந்தார். “ரெண்டும் ஒண்ணா இருக்கணும் தாத்தா. பின்சக்கரம் தள்ளுற திசைதான் முக்கியம். அது கோணலா இருந்தா முதல்ல வீல் அலைன்மென்ட் பண்ணிட்டு வரச் சொல்லுவோம். அப்படியே அளவு வெச்சா கேமரா ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போகும்.”

“சென்டர் போல்ட் உடைஞ்ச மாதிரி” என்றார் அப்பா.

அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். அம்பாசிடரில் பின்அச்சு ஸ்பிரிங் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடுப் போல்ட் உடைந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்துவிடும். வண்டியின் முகம் ஒரு பக்கம் இருக்கும், வண்டி நண்டு போலச் சாய்ந்து போகும். டிரைவருக்குச் சட்டென்று தெரியாது. பின்னால் வருகிறவன்தான் ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை அச்சரப்பாக்கத்தில் ஒரு பஸ் டிரைவர் நிறுத்திச் சொன்னார், அதனால் பிழைத்தேன் என்றார்.

அந்தத் தம்பி நூலைக் கையில் பிடித்தபடியே முழுவதும் கேட்டார். இந்த வேலைக்கான பயிற்சியில் அவருக்குக் கோணங்களும் கோடுகளுமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்பா முதுகில் உணர்ந்து கற்றுக்கொண்டார். பேசிக்கொண்டிருந்தது ஒரே விஷயத்தை என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. கயிறு இழுத்துக் கண்ணாடி மாட்டிய காலத்தில் பார்ப்பது டிரைவரின் பொறுப்பு. கண்ணாடி மாறினாலும் கண் அவரோடு இருந்தது, கரண்ட் கம்பத்தைப் பார்த்துத் தானே சரிபார்த்துக்கொண்டார். இன்று ஒரு கண்ணைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டோம். கண்ணாடி போனால் கண்ணும் போகிறது. புதுக் கண்ணுக்கு எது நேர் என்று யாராவது காட்டித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கறுப்பு வெள்ளை வடிவம் உள்ள பலகையை, மாடலுக்குச் சொல்லியிருக்கிற தூரத்தில், சொல்லியிருக்கிற உயரத்தில் நிறுத்தினார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் கருவியைச் செருகினார். இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது. அளந்து நிறுத்துவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது, கேமரா பார்த்துக்கொள்வதற்கு இல்லை.

எங்கள் காருக்கு அதோடு முடியவில்லை. ரோட்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டிய வகை. சில கார்களுக்குப் பலகை மட்டும் போதும், சிலவற்றுக்கு ரோடு மட்டும் போதும், சிலவற்றுக்கு இரண்டும். ரோட்டில் ஓட்டுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: இரண்டு பக்கமும் தெளிவான கோடு, மழை இல்லாத வானம், குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாத தொடர் ஓட்டம். சென்னைக்குள் இதற்கு வழியே இல்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற அவுட்டர் ரிங் ரோட்டுக்குத்தான் போனோம். அப்பாவை ஏற்றிக்கொள்ளவில்லை. ஓட்டுகிறவரும் கருவியைப் பார்க்கிறவரும் மட்டும் இருக்கட்டும் என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டார்.

திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள், கோடு போடவில்லை. எண் அப்படியே நின்றுவிட்டது. வண்டி நேராகத்தான் போகிறது, ரோடு எனக்கு நன்றாகத் தெரிகிறது, கேமராவுக்கு மட்டும் ரோடு இல்லை. சாலைக் கோடுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 35 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. தார் போட்டதும் கோடும் போட வேண்டும் என்பது இனி அழகுக்காகச் சொல்கிற விஷயம் இல்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பாதுகாப்பின் பாதி, அந்தச் சில அங்குல வெள்ளைப் பெயின்டில் இருக்கிறது. அடாஸ் நம் ஊருக்கு ஒத்துவராது என்று அதை அணைத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோடு போடாதவர்களைத்தான் கேட்க வேண்டும். கோடு திரும்ப வந்ததும் எண் நகர்ந்தது. நெமிலிச்சேரி பக்கம் போகும்போது முடிந்தது.

திரும்பி வந்ததும், வேலைக்கு முன்னால் எடுத்த அறிக்கை, பின்னால் எடுத்த அறிக்கை, இரண்டையும் அந்தத் தம்பி அச்சடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாற்றுகிற ஒவ்வொருவரும் கேட்டு வாங்க வேண்டிய தாள் இது. இன்சூரன்ஸில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஆனால் கேலிப்ரேஷன் செலவு பில்லில் தனியாக எழுதப்படாவிட்டால், அது எதற்கு என்ற கேள்வி வரும். வேலையைத் தொடங்கும் முன்பே சர்வேயரிடம் அதைச் சொல்லி மதிப்பீட்டில் எழுதவைப்பது நல்லது. பம்பரைக் கழற்றினாலும், சஸ்பென்ஷன் வேலை செய்தாலும், அளவு மாறிய டயர் போட்டாலும் அளவு மறுபடி வைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா காரின் முன்னால் நின்று அந்தக் கேமராவை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “மழை பேஞ்சா இதுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“வைப்பர் துடைக்கிற இடத்துக்குள்ளதான் தாத்தா கேமரா இருக்கு. வைப்பர் நல்லா இருந்தா பிரச்சினை இல்ல.”

அப்பா வைப்பர் கையைத் தூக்கி, ரப்பரின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். பழைய கண்ணாடியில் வேலை செய்த பிளேடு, ஓரம் வெடித்துக் கட்டியாகியிருந்தது. புதுக் கண்ணாடியைக் கீறுவதற்கு அது போதும்.

“ரெண்டு பிளேடும் மாத்திடு. மாத்திட்டே கிளம்பலாம்” என்றார். அங்கேயே ஸ்டாக் இருந்தது. அந்தத் தம்பி ஒன்றை மாட்டினார். இன்னொன்றை அப்பா கேட்டு வாங்கித் தானே மாட்டினார்.